அண்ணனின் வக்கீல் தொழில் பற்றி அப்பாவுக்கு

ஆல்பனி,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுதப் பொங்கல் தாண்டிவிட்டது, மன்னித்துவிடுங்கள். போனில் பேசும்போதெல்லாம் அண்ணனும் பக்கத்தில் இருப்பதால் அவன் எம்.எல்.ஏ. ஆனாலும் வக்கீலாக இருக்கலாமா என்ற இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேச முடியவில்லை.

இங்கே இன்று காலை மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள் ஹீட்டரை 62 ஃபாரன்ஹீட்டில் (சுமார் 17 செல்சியஸ்) வைத்தாலே எனக்குப் போதுமாக இருக்கிறது, கம்பளி நிறைய உண்டு, கவலைப்படாதீர்கள். பக்கத்து வீட்டு வால்ட்டர் தாத்தா வழக்கம்போல விடியும் முன்பே தன் வாசல் பனியை நூல் பிடித்த மாதிரி வெட்டித் தள்ளிவிட்டு, என் படிக்கும் உப்புத் தூவிவிட்டுப் போய்விட்டார். உப்பைப் பனி பெய்யும் முன்பே போட வேண்டும், பெய்து இறுகிய பிறகு போட்டால் பாதி வீண் என்று தினமும் சொல்வார். முப்பது வருஷம் சட்டமன்றக் குழு ஒன்றில் எழுத்தராக இருந்தவர். உங்கள் கேள்வியை அவரிடம் சொன்னதும் மூன்று நாள் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

அண்ணனுக்குச் சீட்டு கிடைக்கும் போலிருக்கிறது, ஜெயித்தாலும் கோர்ட்டை விடமாட்டேன் என்கிறான், அங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் வேறு தொழில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம் அப்பா. பெரும்பாலான மாநிலங்களில் பார்க்கிறார்கள். இங்கே நியூயார்க் மாநிலத்தில் சட்டமன்றக் கீழவையில் 150 பேர், மேலவையில் 63 பேர். பதவிக்காலம் இரண்டே வருஷம். கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும். கூட்டம் இருக்கும் வாரங்களிலும் மூன்று நான்கு நாள்தான் தலைநகரான இந்த ஆல்பனியில் இருப்பார்கள். மற்ற நாட்களில் சிலர் வக்கீல் ஆபீஸ் நடத்துகிறார்கள், சிலர் இன்சூரன்ஸ், சிலர் நில வியாபாரம். கெடுதல் பெரும்பாலும் வக்கீல் தொழில் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இதை அண்ணன் மனசு நோகாமல் அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஷெல்டன் சில்வர் என்று ஒருவர் இங்கே கீழவையின் சபாநாயகராக 1994 முதல் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். கூடவே ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்திலும் பெயர் வைத்திருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் புற்றுநோய் வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர், நோயாளிகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த டாக்டரின் ஆராய்ச்சிக்கு 5 லட்சம் டாலர் அரசுப் பணத்தை ஒதுக்கச் செய்தவர் சபாநாயகர். வழக்கைக் கொண்டுவந்தவர் என்ற பெயரில் நிறுவனம் அவருக்குப் பங்கு கொடுத்தது. இங்கே அந்தப் பங்கு சட்டப்படி வாங்கக்கூடியது, அவர் கோர்ட்டு வாசலை மிதிக்கவே வேண்டாம். இன்னொரு பக்கம், பெரிய கட்டட முதலாளிகள் சொத்துவரி வழக்குகளை ஒரு சின்ன ஆபீசுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்தும் அவருக்குப் பங்கு வந்தது. இரண்டும் சேர்ந்து 40 லட்சம் டாலர் அளவுக்கு.

2015இல் கைது, அதே வருஷம் குற்றவாளி என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது ரத்து. 2018இல் மறுவிசாரணை, மறுபடி குற்றவாளி. 2020இல் டாக்டர் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் தள்ளுபடியாகி, கட்டட முதலாளிகள் பகுதி செல்லும் என்று ஆனது. வாங்கிய பணம் எந்தக் காரியத்துக்காக என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்றது மேல்கோர்ட்டு. அப்பா, இந்த இடத்தை மட்டும் அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். பீஸும் லஞ்சமும் ஒரே கவரில் வந்தால் எது எது என்று நீதிபதிகளாலேயே பிரிக்க முடியவில்லை. முதலிலேயே தொழிலை நிறுத்தியிருந்தால் பிரிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்புறம்தான் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் 2018இல் ஒரு குழு, உறுப்பினர் சம்பளத்தை 79,500 டாலரிலிருந்து படிப்படியாக 1,30,000 ஆக்கலாம், வெளி வருமானத்தை அதில் 15 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தலாம் என்றது. முதல் உயர்வு மட்டும் நடைமுறைக்கு வந்து 1,10,000 ஆனது. வருமானக் கட்டுப்பாடு விதிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று 2019இல் கோர்ட்டு தள்ளிவிட்டது. பிறகு 2022 டிசம்பரில் சட்டமன்றமே சம்பளத்தை 1,42,000 ஆக்கி, வெளியே உழைத்துச் சம்பாதிப்பதற்கு 35,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. சட்டத்தில் எழுதிய தேதி 2025 ஜனவரி. முழுத் தடை இல்லை, வரம்புதான். பென்ஷனும் முதலீட்டு வருமானமும் கணக்கில் சேராது. நியூயார்க் நகர மன்றம் 2016இலேயே சம்பளத்தை 1,48,500 ஆக்கிவிட்டு, வெளி வருமானத்தைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

ஆனால் சம்பளம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் கெட்டுப்போகும். நியூ ஹாம்ப்ஷயரில் உறுப்பினருக்கு வருஷத்துக்கு 100 டாலர், கீழவையில் மட்டும் 400 பேர். டெக்சாசில் மாதம் 600. நியூ மெக்சிகோவில் சம்பளமே கிடையாது, படி மட்டும். அங்கெல்லாம் வேலையை விடு என்றால் பென்ஷன்காரரும் பணக்காரரும்தான் மிஞ்சுவார்கள், கூலி வேலை பார்ப்பவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு வருஷப் பதவி இன்னொரு சிக்கல். வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்களையெல்லாம் வேறு வக்கீலிடம் அனுப்பிவிட்டுத் தோற்றுப்போனால் திரும்பி வரும்போது ஆபீஸ் இருக்காது. அண்ணன் ஜெயித்தால் எம்.எல்.ஏ. பதவி ஐந்து வருஷம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் சம்பளத்தை உயர்த்தியதிலிருந்து மாதம் 1,05,000 ரூபாய் வரும். எம்.எல்.ஏ. வக்கீலாக இருக்கலாம் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்பான். சொன்னது உண்மைதான். தடையில்லை என்றார்கள், அவ்வளவுதான்.

ஜெயித்தால் செய்ய வேண்டியதை வால்ட்டர் தாத்தா சொன்னபடி எழுதுகிறேன். முடிந்த வழக்குக்குப் பாக்கிப் பீஸ் வாங்கலாம், ஆனால் பதவியேற்கும் முன்பே யார், எவ்வளவு, எந்த வேலைக்கு என்று எழுதி வைத்துவிட வேண்டும். நடக்கிற வழக்குகளில் கட்சிக்காரர் சம்மதம் வாங்கி வக்காலத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்த பிறகு ஜூனியரிடம் பங்கு வாங்கக் கூடாது, போர்டில் பெயரும் இருக்கக் கூடாது. பார் கவுன்சிலில் எழுதிக் கொடுத்து, வக்கீல் உரிமமான சன்னதை நிறுத்தி வைக்கலாம், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வயல் குத்தகையும் கடை வாடகையும் இருக்கட்டும், அதில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. மதினி பேரிலோ பிள்ளை கதிர் பேரிலோ எதுவும் வர வேண்டாம். இங்கே மேலவைத் தலைவராக இருந்த டீன் ஸ்கெலோஸ் சிக்கியது மகனுக்குக் கம்பெனிகள் கொடுத்த பணத்தால்தான். வெளி வேலைத் தடை எதுவும் அதைப் பிடித்திருக்காது.

கதிர் பேரை எழுதியதும் அவன் முகம் வந்துவிட்டது. பொங்கலன்று பால் பொங்கவிடவில்லை அப்பா. புகை பட்டால் மேலே அலாரம் கத்தும், அதனால் அடுப்பைக் குறைத்தே வைத்தேன். பொங்காமலே வெந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் வாசலில் நின்று குலவை போடும் நேரம் இங்கே முந்தின நாள் ராத்திரி. முழித்துத்தான் இருந்தேன்.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ படிவம் கேட்கிறார்கள். அதற்குள் அம்மாவின் வளையலை யாரும் எடுக்க வேண்டாம். உங்கள் வலது கண் ஆபரேஷனைத் தேர்தலுக்காகத் தள்ளாதீர்கள், மாசியிலேயே முடித்துவிடுங்கள். மேல வயலை இசக்கி மாமாவுக்கே விடுங்கள், ஆனால் இந்தத் தடவை குத்தகையைத் தாளில் எழுதி வாங்குங்கள், அண்ணன் மனுத்தாக்கலுக்குச் சொத்துக் கணக்கு காட்டும்போது தேவைப்படும். கோர்ட்டு எதிரே உள்ள ஆபீஸ் ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறதல்லவா? முடிவு தெரியும்வரை புதுப்பிக்க வேண்டாம், மாத வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். குமாஸ்தா ஆறுமுகம் அண்ணாச்சிக்கு மட்டும் இப்போதே வேறு இடம் சொல்லி வையுங்கள், அவர் வாயைத் திறந்து கேட்கமாட்டார்.

அன்புடன்,
செல்வி