தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்த ராஜா

அன்புள்ள நண்பா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மனைவிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசினால் அவளுக்குப் பிடிப்பதில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சபைச் செயலாளராக உன்னைப் போடலாம் என்று போதகர் கேட்டார், நீ "எனக்குத் தகுதியில்லை ஐயா" என்று ஒதுங்கிக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். பொறுப்பை ஏற்றால் பெருமை வந்துவிடும், விலகி நிற்பதுதானே தாழ்மை என்றும் கேட்டிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "தகுதியில்லை" என்று நீ சொன்னதும் போதகர் என்ன சொல்லியிருப்பார்? "உங்களைவிட வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?" என்றுதானே? அந்த ஒரு சொல் எதிரே இருப்பவரைப் புகழ வைத்துவிடுகிறது. கேட்கக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.

உன் கேள்வியோடு, இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் கதையை வேதத்தில் திரும்ப வாசித்தேன். ஆரம்பத்தில் அவன் பேச்சு உன் பேச்சு மாதிரியே இருக்கிறது. கோத்திரங்களில் சிறிய பென்யமீனைச் சேர்ந்தவன் நான், அதிலும் என் குடும்பம் அற்பமானது என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்கிறான். பிறகு ராஜாவைத் தெரிந்தெடுக்கப் போட்ட சீட்டு அவன் பேரில் விழுகிறது. ஆளைத் தேடினால் காணோம். கர்த்தரிடமே விசாரிக்க வேண்டியதாகிறது. "இதோ, அவன் தளவாடங்களிருக்கிற இடத்திலே ஒளித்துக்கொண்டிருக்கிறான்" என்று பதில் வருகிறது. மற்ற எல்லாரையும்விடத் தோள் உயரம் அதிகமானவன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே எப்படித்தான் ஒளிந்தானோ!

அதே ஆள் ஐந்து அதிகாரம் தள்ளி, எதிரிகளான அமலேக்கியரை முறியடித்த கையோடு கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். கர்த்தர் அழிக்கச் சொன்ன ஆடு மாடுகளில் நல்லதையெல்லாம் தப்பவிட்டிருக்கிறான். சாமுவேல் பிடித்துக் கேட்டதும் ஜனங்களுக்குப் பயந்து அப்படிச் செய்தேன் என்கிறான். பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த மூச்சிலேயே, என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கெஞ்சுகிறான். ராஜ்யமே கையைவிட்டுப் போகிறது என்று இப்போதுதான் கேட்டிருக்கிறான், அவன் கவலையோ மூப்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பது.

அவன் ஏன் ஒளிந்தான் என்று வேதம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒளிந்த அன்றும் சரி, தூண் நாட்டிய அன்றும் சரி, சவுலின் கண் ஜனங்கள் மேலேயே இருந்தது. பணிவு போய்ப் பெருமை வந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எனக்கென்னவோ இரண்டு நாளும் அவன் ஒரே ஆளாகத்தான் தெரிகிறான்.

எகிப்திலிருந்து ஜனத்தை அழைத்துவரக் கர்த்தர் அனுப்பியபோது மோசேயும்தான் தயங்கினார். எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டுக் கர்த்தர் மெச்சிக்கொள்ளவில்லை, அவருக்குக் கோபம் மூண்டது என்றே எழுதியிருக்கிறது. அதே மோசேயைத்தான் எண்ணாகமம் பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்கிறது. அதற்குள் அவர் போய் நின்று, பேசி, ஒரு ஜனத்தையே நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

பவுல் சொல்வது எனக்கு இன்னும் ஆச்சரியம். கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலர் எல்லாரிலும் நான் சிறியவன் என்கிறார். அடுத்த வசனத்தில், அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார். நம் கூட்டங்களில் யாராவது எழுந்து இப்படிப் பேசினால் தலைக்கனம் என்போம். அவரோ நடந்ததைச் சொல்லிவிட்டு, "நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று கணக்கை முடித்துவிடுகிறார். செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவும் இல்லை, தன் பேரில் எழுதிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம், உனக்கு ஒரு செய்தி. நம் பழைய மூப்பர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அல்லவா? இப்போது நாங்கள் போனால், "எதற்கு உங்களுக்கு வீண் சிரமம்" என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப் பார்க்கிறார். நான் போயிருந்த அன்று ஒரு வாலிபன் அவருக்குக் காலுறை மாட்டிவிடக் குனிந்தான். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். வலியில் முகம் சுருங்கியது, அப்படியும் இழுத்துக்கொண்டார். பையன் எழுந்திருக்கவில்லை. "ஐயா, எனக்கும் ஒரு வேலை கொடுங்களேன்" என்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார்.

எனக்குப் பேதுருவின் ஞாபகம் வந்தது. இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவும் அந்த இடத்தை ஆண்டவருடைய தாழ்மைக்குத்தான் நாம் எடுத்துப் பேசுவோம், சீஷர்களில் ஒருவனான பேதுரு சொன்னதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவோம். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்டால் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! ஆண்டவர் அதை ஏற்கவில்லை, கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றுவிட்டார். உடனே அவன் கைகளையும் தலையையும் கழுவச் சொல்கிறான். முதலில் வேண்டாம் என்கிறான், பிறகு எவ்வளவு என்பதையும் தானே சொல்கிறான். கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்வது அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. நமக்கும்தான்.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் நேரமே கிடைப்பதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுதான் காரணம் என்றால் அதையே போதகரிடம் நேராகச் சொல், அதில் ஒரு குறையும் இல்லை. நேரம் இருக்கிறது என்றால் பொறுப்பை எடுத்துக்கொள். கணக்கு எழுதுவதிலும் ஆட்களைக் கூட்டிப் பேசுவதிலும் நீ கெட்டிக்காரன், அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். என்ன சொன்னாய் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

மூப்பருக்கும் ஒரு கடிதம் போடு. வெறுமனே சுகம் விசாரித்து எழுதாதே, பதில் போடமாட்டார். உன் அம்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
உன் நண்பன்