மேடனில் டீப் பாஸ்: விடுபட்டுப்போன பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மேடன் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் ஆடத் தொடங்குபவர்களுக்காக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், பத்து யார்டு முன்னேற வேண்டும் என்ற அடிப்படையை, அமெரிக்கக் கால்பந்தையே பார்த்திராதவருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில், டீப் பாஸ், அதாவது பந்தை வெகுதூரம் முன்னே வீசுவது, ஒரு சூதாட்டம், புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம், ஓட்டமும் குட்டிப் பாஸும் போதும் என்று முடித்திருந்ததை ஏற்க முடியவில்லை. அந்த அறிவுரையை நம்பி ஆடுபவர் ரூக்கி, புரோ என்ற எளிய நிலைகளில் ஜெயித்துவிடுவார். ஆல்-புரோவுக்குப் போனதும் திணறுவார். ஆன்லைனில் மனிதர்களோடு மோதினால் முதல் குவார்ட்டருக்குள் மாட்டிக்கொள்வார்.

பின்னால் காவல் நிற்கும் சேஃப்டிகளின் தலைக்கு மேல் பந்து வராது என்று தெரிந்துவிட்டால், எதிராளி அவர்களில் ஒருவரை முன்னே இறக்கிவிடுவார். எட்டுப் பேர், பந்து வைக்கப்படும் லைனை ஒட்டி நெருக்கி நின்றால் ஓட்டத்துக்கு வழி கிடையாது. ரிசீவர் ஐந்து யார்டில் உள்ளே சாய்ந்து ஓடும் ஸ்லான்ட் பாதையிலும் ஒரு லைன்பேக்கர் (லைனுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் காவலர்) காத்திருப்பார். தூக்கி அடிக்கத் தெரியாத பேட்ஸ்மேன் என்று புரிந்ததும், பவுண்டரியில் நிற்பவர்களை உள்ளே இழுத்துச் சிங்கிளையும் கேப்டன் அடைத்துவிடுவாரே, அதே கதைதான். வீசும் டீப் பாஸில் பாதி பிடிபடாமல் போனாலும் சேஃப்டிகள் பின்வாங்கி நிற்பார்கள். அவர்கள் விட்டுப்போகும் இடத்தில்தான் உங்கள் ஓட்டமும் குட்டிப் பாஸும் உயிர்பெறும்.

டீப் பாஸ் சூதாட்டமாகத் தெரிவதற்குக் காரணம், பலரும் நான்கு பேரை நேராக ஓடவிட்டு, யாராவது தனியாகத் தெரியும்வரை காத்திருந்து வீசுவதுதான். அப்படிக் காத்திருப்பதுதான் தவறு. கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் வேகமான ரிசீவர் (பாஸைப் பிடிக்க ஓடுபவர்) 40 யார்டை ஏறத்தாழ 4.5 வினாடியில் ஓடுகிறார். நீங்கள் 4.5 வினாடி பந்தைக் கையிலேயே வைத்திருந்தால் அவர் 40 யார்டு தாண்டிவிட்டார். பந்து காற்றில் பறக்கும் நேரத்தில் இன்னும் 15, 20 யார்டு போய்விடுவார். குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) லைனுக்குப் பின்னால் 8 யார்டில் நிற்கிறார் என்றால், பந்து 60 யார்டுக்கு மேல் பறந்தாக வேண்டும். மிகச் சிலரின் கைக்குத்தான் அந்த வலு உண்டு. மற்றவர்கள் வீசினால் பந்து குறைவாகப் போய் விழும். ரிசீவர் திரும்பி வந்து நிற்பார். பின்னாலிருந்து ஓடிவரும் சேஃப்டி சுலபமாகப் பறித்துக்கொள்வார். மேடனில் டீப் பாஸ் இன்டர்செப்ஷன் ஆவதில், அதாவது எதிரணி கைக்குப் போவதில், பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஆகவே ஸ்நாப் ஆன (பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்த) இரண்டரை முதல் மூன்று வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். அப்போது ரிசீவர் 18 முதல் 22 யார்டுக்குள் இருப்பார், காவலரின் தோளுக்கு நேராக ஓடிக்கொண்டிருப்பார், தனியாகத் தெரியவே மாட்டார். அந்த நிலையிலேயே வீசப் பழக வேண்டும். சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்கு 1978 முதல் 1986 வரை பயிற்சியாளராக இருந்த டான் கோர்யெல் கட்டிய ஆட்டமும் இந்த நேரக் கணக்கில் நின்றதுதான். ரிசீவர் திரும்புமுன்பே பந்து கிளம்பிவிடும். அவருடைய குவார்ட்டர்பேக் டான் ஃபவுட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பாஸ் யார்டில் லீகிலேயே முதலிடத்தில் இருந்தார்.

அந்த மூன்று வினாடியைச் சம்பாதித்துக் கொடுப்பது குவார்ட்டர்பேக்குக்கு நீங்கள் தரும் பாதுகாப்பு. லைனில் உங்கள் ஆட்கள் ஐந்து பேர், எதிரே பாய்வது நான்கு பேர் என்றால் பொதுவாக நேரம் கிடைக்கும். ஆறு பேர் பாய்வதுபோல் தெரிந்தால் ஸ்நாப்புக்கு முன்பே பந்தைக் கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஹாட் ரூட்டில் (கடைசி நேர மாற்றத்தில்) பிளாக், அதாவது தடுக்கும் வேலை, கொடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் லைன் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டையும் நிறுத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஆபத்து வருகிறது என்றால் லைனை அந்தப் பக்கம் ஸ்லைடு செய்யச் சொல்லலாம். ஏழு பேர் குவார்ட்டர்பேக்கின் காவலுக்கு நின்றால் ஓட மூன்றே பேர்தான் மிஞ்சுவார்கள். டீப் பாஸுக்கு அதுவே தாராளம்.

புதியவர்கள் கைவிட வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. பந்து கைக்கு வந்ததும் ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடித்து 12, 15 யார்டு பின்னால் ஓடுவது. லைனின் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் டேக்கிள்கள், குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டில் நிற்பார் என்ற கணக்கில்தான் எதிராளியை வெளியே வளைத்துத் தள்ளுகிறார்கள். நீங்கள் அதற்கும் பின்னால் போனால், அவர்கள் தள்ளிவிட்ட ஆள் நேராக உங்கள் மடியில்தான் வந்து விழுவார். பாஸின் தூரமும் அத்தனை யார்டு கூடும். ஷாட்கன் என்ற அணிவகுப்பில் ஏற்கெனவே ஐந்து யார்டு பின்னால்தான் நிற்கிறீர்கள். இன்னும் இரண்டு மூன்று எட்டு வைத்தால் போதும். ஓரத்திலிருந்து நெருக்கினால் ஓர் அடி முன்னே ஏறுங்கள். வீசும் கணத்தில் ஸ்டிக்கை விட்டுக் கால்களை ஊன்ற வைப்பது முக்கியம். பக்கவாட்டில் ஓடிக்கொண்டே வீசினால், டீப் அக்யூரசி (தூர வீச்சின் துல்லிய மதிப்பு) எவ்வளவு உயர்ந்த ஆளானாலும் பந்து தடம் மாறும்.

இனி சேஃப்டிகள். உங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்நாப்புக்கு முன் பின்னால் எத்தனை பேர் ஆழமாக நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் ஒருவர் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3 என்ற காவல் முறை; அந்த எண், ஸ்நாப்புக்குப் பின் ஆழமாகக் காப்பவர்களின் எண்ணிக்கை. இருவர் என்றால் கவர் 2 அல்லது கவர் 4. ஒருவருமே இல்லையென்றால் கவர் 0, பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களின் பாய்ச்சல்) வருகிறது. அப்போது ஆழமாக வீச நேரம் இருக்காது, ஸ்லான்ட்டை உடனே எறிந்துவிட்டுத் தப்புவதே புத்தி. மேன் காவலா (ஆளுக்கு ஆள்) ஸோன் காவலா (ஆளுக்கு ஓர் இடம்) என்று தெரிய, ஸ்நாப்புக்கு முன் ஒரு ரிசீவரை மோஷனில் குறுக்கே அனுப்புங்கள். அவர் கூடவே ஒருவர் ஓடினால் மேன் என்று எடுத்துக்கொள்ளலாம். எதிராளி வேண்டுமென்றே ஒன்றைக் காட்டி வேறொன்றுக்கு மாறுவதும் உண்டு. அதனால் ஸ்நாப் ஆன முதல் நொடியில் சேஃப்டி எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைத்தான் கடைசிச் சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

கவர் 3-க்கு எதிராக ஃபோர் வெர்டிகல்ஸ் (நான்கு ரிசீவர்களும் நேராக ஓடும் ஆட்டம்) எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஒன்று புரிந்தால் மற்றவை தானே விளங்கும். பின்னால் மூன்று பேர், ஓடிவருவது நான்கு பேர். ஓரத்துக் காவலர்களான கார்னர்கள் இருவரும் வெளிப்பக்க ரிசீவர்களோடு போய்விடுவார்கள். நடுச் சேஃப்டி ஒருவருக்கு உள்ளே இரண்டு பேர் வருகிறார்கள். மைதானத்தின் நடுவே நீளவாக்கில் இரண்டு வரிசையாக இருக்கும் ஹேஷ் கோடுகளுக்கு வெளியே ஓரிரு யார்டில் ஆளுக்கொருவராக அவர்கள் ஓட வேண்டும். என்.எஃப்.எல். மைதானத்தில் அந்த இரண்டு ஹேஷ் கோடுகளுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான், கோல் கம்பங்களின் இடைவெளியும் அதுவே. இருவரும் நடுவை நோக்கிச் சாய்ந்து ஓடினால் ஒரே சேஃப்டி இருவரையும் மறைத்துவிடுவார். விலகி ஓடினால் அவர் ஒருவரைத் தேர்ந்தே ஆக வேண்டும். அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கு மறுபக்கத்து ரிசீவருக்கு வீசுங்கள். லைன்பேக்கரின் தலையைத் தாண்டி, சேஃப்டிக்கு முன்னால், ஏறத்தாழ 20 யார்டில் அந்த இடைவெளி திறக்கும். அரை நொடி தாமதித்தால் மூடிவிடும்.

இதே ஆட்டத்தைக் கவர் 4-க்கு எதிராக ஆடினால் எடுபடாது, நான்கு பேருக்கு நான்கு பேர் பின்னால் இருப்பார்கள். அங்கே வேண்டியது மில்ஸ் என்ற ஆட்டம். உள்ளே நிற்கும் ரிசீவர் 12 முதல் 15 யார்டு போய்ச் சட்டென்று உள்ளே வெட்டும் டிக், வெளியே நிற்பவர் அவருக்குப் பின்னால் கோல் கம்பத்தை நோக்கிச் சாய்ந்து போகும் போஸ்ட். சேஃப்டி டிக்கைப் பிடிக்க இறங்கினால் போஸ்ட் திறக்கும், இறங்காவிட்டால் டிக்கை வாங்கிக்கொண்டு முதல் டவுன் எடுக்கலாம். கவர் 2-வில் ஓட்டை வேறிடத்தில்: இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே போஸ்ட், அல்லது பக்கக் கோட்டை ஒட்டிக் கார்னர்பேக்குக்குப் பின்னால் மைதான மூலையை நோக்கி ஓடும் கார்னர் ரூட். கவர் 1 என்றால் ஆளுக்கு ஆள் வேகத்தைப் பாருங்கள். எதிரே நிற்கும் கார்னரைவிட உங்கள் ரிசீவருக்கு வேகம் நான்கைந்து புள்ளி கூடுதலாக இருந்தால் நேராக ஓடும் ஸ்ட்ரீக் போதும். இல்லையென்றால் மைதானத்தைக் குறுக்கே கடக்கும் ஆழமான கிராசர் நல்லது.

கிராசரையும் போஸ்ட்டையும் சேர்த்து, பிளே ஆக்‌ஷன் போட்டு, ஏழெட்டுப் பேரைக் குவார்ட்டர்பேக்கின் காவலுக்கு நிறுத்தும் ஆட்டத்துக்கு யாங்கி என்று பெயர். ஒற்றைச் சேஃப்டிக்கு எதிராக இதைவிடச் சிக்கனமான டீப் பாஸ் கிடையாது என்பேன். ஆனால் பிளே ஆக்‌ஷனில் குவார்ட்டர்பேக் பொய்யாகப் பந்தைக் கொடுக்கத் திரும்பும் கணத்தில் கண் மைதானத்தில் இருக்காது. பிளிட்ஸ் வரும் சாடை தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள். ஓட்டமே ஓடாத ஆட்டத்தில் பொய் ஓட்டத்துக்கு மனித எதிராளி எவரும் மயங்கவும் மாட்டார்.

பட்டனை அழுத்தும் விதமும் முக்கியம். தட்டிவிட்டால் உயரப் போகும் லாப், அழுத்திப் பிடித்தால் தாழ வேகமாகப் போகும் புல்லட், இரண்டுக்கும் நடுவே டச் பாஸ். பக்கக் கோட்டு ஸ்ட்ரீக்குக்கு லாப், ஹேஷ் ஓரமாக உள்ளே நேராக ஓடும் சீமுக்கு டச், டிக்குக்குப் புல்லட். ஸ்ட்ரீக்குக்குப் புல்லட் போட்டால் தாழப் போகும் பந்தை நடுவிலேயே யாராவது தட்டிவிடுவார்கள். சீமுக்கு லாப் போட்டால் பந்து இறங்குவதற்குள் சேஃப்டி வந்துசேர்வார். வீசும்போது இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் பந்து ரிசீவருக்கு முன்னால் விழும், வெளிப்பக்கம் தள்ளினால் காவலரை விட்டு விலகி விழும். பிடிப்பதிலும் மூன்று வகை உண்டு. பிளேஸ்டேஷனில் முக்கோணம், எக்ஸ்பாக்ஸில் ஒய் என்றால் எம்பிப் பறிப்பது. சதுரம் அல்லது எக்ஸ்பாக்ஸின் எக்ஸ் என்றால் ஓடிக்கொண்டே பிடிப்பது. பிளேஸ்டேஷனின் பெருக்கல் குறி அல்லது எக்ஸ்பாக்ஸின் ஏ என்றால் பத்திரமாக அணைத்துப் பிடிப்பது. காவலர் ஒட்டிக்கொண்டு வரும் டீப் பாஸுக்கு எம்பிப் பறிப்பதே சரி, அதுவும் ரிசீவரின் ஸ்பெக்டாகுலர் கேட்ச் மதிப்பு உயர்வாக இருந்தால்.

எப்போது வீசுவது? இரண்டாவது டவுன், ஒன்றிரண்டு யார்டே பாக்கி. இதைவிட நல்ல தருணம் வேறில்லை. பிடிபடாவிட்டாலும் மூன்றாவது டவுனில் ஓடி எடுத்துவிடலாம். மூன்றாவது டவுனில் 15 யார்டு வேண்டியிருக்கும்போது எதிராளி அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார். எதிரணியின் 15 யார்டு கோட்டுக்குள் வந்துவிட்டால் கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனையும் சேர்த்து 25 யார்டுதான் இடம். ஸ்ட்ரீக்கெல்லாம் அங்கே பயனில்லை.

ஆன்லைன் எதிராளி பெரும்பாலும் நடு லைன்பேக்கரையோ சேஃப்டியையோ தன் கையில் வைத்துக்கொண்டு சீமை அடைப்பார். அவர் எந்த ஆளை ஓட்டுகிறார் என்று முதல் இரண்டு ஸ்நாப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம், அந்த ஆளின் அசைவு மட்டும் கணினி ஓட்டும் ஆட்களைப்போல் இருக்காது. பிறகு அவர் இல்லாத பக்கம் வீசுங்கள்.

பழக நினைப்பவர்கள் பிராக்டிஸ் மோடில் எதிரணிக்குக் கவர் 2, 3, 4 என்று ஒவ்வொன்றாக நீங்களே தேர்ந்துகொடுத்து, ஒரே ஃபோர் வெர்டிகல்ஸை எல்லாவற்றுக்கும் எதிராக ஓட்டிப் பாருங்கள். கேமராவை ஸ்டாண்டர்டிலிருந்து வைடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். இல்லையென்றால் ஓரத்து ரிசீவர்கள் திரையை விட்டே போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளி நண்பர்களோடு இதை ஆடுகிறார்கள். அவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள உங்கள் பக்கத்தைப் புரட்டும் பெற்றோரும் உண்டு. அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது கவர் 2, கவர் 3, கவர் 4 மூன்றுக்கும் படம் போடுங்கள். 11 தற்காப்பு ஆட்களில் சேஃப்டிகளை மட்டும் வேறு நிறத்தில் காட்டுங்கள், ஸ்நாப்புக்கு முன்பு நிற்கும் இடமும் ஒரு நொடி கழித்து நிற்கும் இடமும் தெரியட்டும். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்