'இதர' கட்டத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்

கொள்கை வகுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். யார் எந்தப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது "புள்ளிவிவரம் இருக்கிறதா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், சரி. ஆனால் எதை எண்ணுவது என்று முடிவு செய்கிறவர்களும் நீங்கள்தானே? எண்ணாத ஒன்றுக்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

நான் சில வருடம் புகார் மனுக்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தவன். திரையில் 'புகாரின் வகை' என்று ஒரு கட்டம், அதைத் தட்டினால் ஏழு வகை வரும், எட்டாவதாகக் கடைசியில் 'இதர'. யாரோ ஒருவர் மூன்று பக்கம் கையால் எழுதி, நடுவில் நாலு வரி அடித்து, இடம் போதாமல் ஓரத்தில் தாளைத் திருப்பி எழுதி அனுப்பியிருப்பார். அது ஏழு வகையில் எதிலும் அடங்காது. நான் 'இதர'வை அழுத்திவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவேன். மாதக் கடைசி அறிக்கையில் மற்ற ஏழுக்கும் கலர் கலராக வரைபடம் உண்டு, இதரவுக்கு அடியில் ஒரே ஒரு எண். அந்த எண் மாதாமாதம் ஏறியது. அது என்ன என்று மேலே யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது ஏதோ ஒரு அலுவலகத்தின் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1946-ல் ஜான் காஃபி என்ற மருத்துவர், மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் கை கால் எலும்பு முறிவுகளையும் பார்த்து, எழுதியும் வைத்தார். எப்படி அடிபட்டது என்பதற்குச் சரியான விவரம் இல்லை. அப்புறம் 1962-ல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சக மருத்துவர்களும் இதற்கு 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். 1967-க்குள் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும், குழந்தையை யாரோ அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் தகவல் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பெயர் வருவதற்கு முன்னாலும் எலும்புகள் உடைந்துகொண்டுதான் இருந்தன.

பெயரை யார் வைக்கிறார்கள் என்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. சாலை விபத்தை 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் உங்கள் வேலை அறிவுரைப் பலகையோடு முடிந்தது. மோதினால் உள்ளே இருப்பவர் பிழைக்கிற மாதிரி கார் இருக்கிறதா என்று யாராவது கேட்டால்தான் வேறு வழி திறக்கும். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட் 1959-லேயே காரில் வந்துவிட்டது. வாகனத்துக்கே பாதுகாப்புத் தரம் விதிக்கும் சட்டத்தை அமெரிக்கா 1966-ல்தான் போட்டது. பெல்ட் போடுவதைக் கட்டாயமாக்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு 1970 ஆனது.

சில நேரம் பெயரும் இருக்கும், கணக்கும் இருக்கும், தீர்வுகூடத் தயாராக இருக்கும். அப்போதும் நீங்கள் அசைய மாட்டீர்கள். 1853, 54-ல் லண்டனில் காலராவில் செத்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். பாதாளச் சாக்கடைக்கு ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் திட்டம் போட்டு 1856-லேயே கொடுத்துவிட்டார். செலவு யார் தலையில், அனுமதி யார் கையில் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் கரையிலிருந்த நாடாளுமன்றத்துக்கு உள்ளேயே வந்தது. திரைச்சீலைகளை, நாற்றத்தைப் போக்கும் என்று சுண்ணாம்பு குளோரைடில் (பிளீச்சிங் பவுடர்) நனைத்துத் தொங்கவிட்டும் தாங்கவில்லை. 18 நாளில் சட்டம் நிறைவேறியது. (நாற்றம்தான் காலராவைப் பரப்புகிறது என்று அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பினார்கள். அது தப்பு, ஆனாலும் சாக்கடை வேலை செய்தது.) பத்தாயிரம் சாவு செய்யாததை ஒரு மூக்கு செய்ததே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கூச்சல் போடுகிறவர்களுக்கெல்லாம் சட்டம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தத்துக்குப் பயந்து இரண்டு நாளில் எழுதும் சட்டங்களையும் பார்த்திருக்கிறோம், அவை பெரும்பாலும் அடுத்த பரபரப்பு வரும் வரைக்கும்தான். கத்தத் தெரியாதவர்களின் மனு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை.

கேட்பது ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'இதர'விலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது மனுக்களை எடுங்கள். சுருக்கம் எழுதித் தரச் சொல்லாதீர்கள், ஓரத்தில் எழுதியது உட்பட முழுசாக நீங்களே படியுங்கள். ஒரே மாதிரி மூன்று நாலு வந்தால், அடுத்த மாதமே அந்தக் கட்டத்தில் எட்டாவது வகையாக அதைச் சேர்த்துவிடுங்கள். 'இதர' ஒன்பதாவதாகப் போகட்டும். மென்பொருளில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
'இதர'வை ஆயிரக்கணக்கில் அழுத்திய ஒருவன்