கடல் மிதவையும் கோவைப் பட்டறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் கண்காணிப்பில் தனியார் தொழில்துறையின் பங்கு என்றால், அது கடற்கரை மாவட்டங்களின் காரியம் என்று கொங்குப் பகுதியினர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆழியாறும் பவானிசாகரும் நிரம்புவது இந்தியப் பெருங்கடலின் வெப்பத்தையும் ஈரத்தையும் சார்ந்தது என்பது ஒருபுறம் இருக்க, இதில் நம் பட்டறைகளுக்கும் வேலை இருக்கிறது.

உலகக் கடல்களில் ஆர்கோ என்னும் பன்னாட்டுக் கண்காணிப்புத் திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இயங்குகின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரியும் அவை, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலேறும் வழியில் நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. ஏறி இறங்கும் சூட்சுமம் ஒரு சிறு பம்பில் இருக்கிறது: உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் எடை மாறாமல் பருமன் கூடி மிதவை எழும்பும்; திரும்ப வாங்கினால் அமிழும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரைச் செய்யும் ஊருக்கு இது அந்நியமான வேலை அன்று. (2,000 மீட்டர் கடலாழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு, உப்பு வேறு அரிக்கும், எளிது என்று சொல்லவில்லை.)

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கருவியின் உறை ஒன்றுக்காக என்னிடம் விலை கேட்டார்கள். தேவை ஆறு உருப்படிகள். அழுத்தச் சோதனைச் சான்றிதழும் வைப்புத்தொகையும் வேண்டும் என்றவர்கள், அடுத்த ஆண்டு ஆர்டர் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஆறு உருப்படிக்காக எவரும் சோதனைத் தொட்டி வாங்கமாட்டார். ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-இல் ஐந்தாண்டுகளுக்கென 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்த அரசு, வாங்கப்போகும் கருவிகளின் எண்ணிக்கையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அறிவித்து, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் சோதனைக்கூடத்தைச் சிறு தொழில்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தர வேண்டும்.

ஆனால் கருவி செய்வது வேறு, அளவீட்டை விற்பது வேறு. 2021-இல் சாம் புயலுக்குள் ஆளில்லாப் படகை நுழைத்துப் படம் பிடித்த அமெரிக்க நிறுவனத்தின் திறமையை மறுக்கவில்லை. எனினும் ஒரு நிறுவனம் மூடப்பட்டால் அதன் பதிவேடும் பூட்டப்படும். கடலின் போக்கைப் படிக்கத் தேவைப்படுவதோ பல பத்தாண்டுகள் அறுபடாத பதிவு. ஆர்கோ அளவீடுகள் எவருக்கும் இலவசம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் அரசின் கடல் தகவல் மையமும் மீன்வளமுள்ள பகுதிகளை மீனவர்களுக்குக் கட்டணமின்றி அறிவிக்கிறது. தனியாருடனான ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், அளவீடு பொதுச்சொத்து என்ற விதியை விலைப்புள்ளி கோரும்போதே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்