ஆளில்லாத தீவா, ஆளை விரட்டிய தீவா?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள், படமும் அழகு. ஆனால் ஆளே இல்லாத நாலு மணல் திட்டுக்காக பிரிட்டனும் மொரீஷியசும் இத்தனை வருஷம் மல்லுக்கட்டுவது வேடிக்கை என்று உங்கள் கட்டுரையாளர் முடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஆள் இருந்தார்கள், அண்ணாச்சி. தேங்காய் வெட்டி, கொப்பரை காயவைத்து, பிள்ளை குட்டி பெற்று, செத்தவர்களை அங்கேயே புதைத்துத் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள், தென்னிந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்களின் ரத்தமும் கலந்தவர்கள். 1965-ல், மொரீஷியசுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்னாலேயே, பிரிட்டன் இந்தத் தீவுகளை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு 30 லட்சம் பவுண்டோடு கணக்கை முடித்தது. அதில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது. அதற்குக் கைமாறாக பிரிட்டனுக்கு அமெரிக்க ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி! 1968-லிருந்து 1973-க்குள் 1,500 முதல் 2,000 பேர் வரை மொரீஷியசுக்கும் செஷல்சுக்கும் விரட்டப்பட்டார்கள், கையில் ஒரு பெட்டியோடு. 1971-ல் அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விடவில்லை, கொப்பரைக் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள்.

இதில் எது வேடிக்கை என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் எழுதிய வரி புதுசும் இல்லை. அங்கே நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று காட்ட வேண்டும் என லண்டன் அதிகாரிகள் அப்போதே கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து அதே வேலையை நாம் ஓசியில் செய்துகொடுக்கிறோம்.

அதே பிரிட்டன் 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு 74 நாள் சண்டை போட்டது. அங்கே அப்போது இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். அவர்கள் விருப்பம்தான் முக்கியமாம். சரி, சாகோஸ்காரர்களுக்கு விருப்பம் இருக்காதா, இல்லை தோல் நிறம் பார்த்துத்தான் விருப்பம் வருமா?

நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்றால், எங்கள் அம்மா பிறந்தது இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். 1964-ல் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பங்கு போட்டு இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் கேம்பில் கிடந்து, கடைசியில் இந்தப் பக்கம் வந்தால் இங்கே 'சிலோன்காரி'. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரி'. இன்றைக்கும் அம்மா ரேஷன் கார்டை மடியிலேயே வைத்திருக்கிறாள், யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டுமாம். சாகோஸ்காரர்களிடம் 1982-ல் நஷ்டஈடு என்று கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களிடமும் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்ட கதையை நான் சொன்னபோது அம்மா ஆச்சரியமே படவில்லை.

2019-ல் சர்வதேச நீதிமன்றம், மொரீஷியசிலிருந்து சாகோஸைப் பிரித்தது தப்பு என்று கருத்துச் சொன்னது, ஐ.நா. சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, இந்தியாவும் சேர்த்து. 2025 மே மாதம் ஒப்பந்தத்திலும் கையெழுத்தானது: தீவுகள் மொரீஷியசுக்கு, டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு. அந்த மேசையிலும் தீவுக்காரர்களுக்கு நாற்காலி இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு மணல் திட்டாம். 2021-ல் கனடாவுக்குக் கிளம்பிய படகு பழுதாகி 80-க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் அதே டியேகோ கார்சியாவில் கூடாரத்தில் மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்தார்களே, அப்போது உங்கள் பத்திரிகையில் எத்தனை வரி வந்தது? நான் தேடினேன். சினிமாப் பக்கம் மட்டும் குறையாமல் வந்தது.

உங்களுக்குத் தீவு என்றால் கச்சத்தீவுதான், அதுவும் தேர்தல் வந்தால்தான். அதை இலங்கைக்குக் கொடுத்த 1974-ஐ வரிக்கு வரி எழுதுவீர்கள். 1976 ஒப்பந்தத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பரப்பு இந்தியாவுக்கு என்று ஆனது, அதில் நம் கடற்கரை ஆட்களும் பிழைக்கிறார்கள், அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அதிலும் உவரியைத் தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். 1986-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து திருநெல்வேலிக்குக் கடலே கிடையாது என்று நினைப்பவர்கள் சென்னையில் இருக்கலாம். நெல்லைப் பதிப்பிலுமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், சாகோஸ் தீவுகளில் மக்கள் வாழ்ந்தார்கள், அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் போட்டாலும் சரி. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்று உங்கள் பக்கம் வடிவமைப்பவர் மேசையில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் சினிமாப் பக்கத்தைப் பற்றி எழுதியதை வெட்டிக்கொள்ளுங்கள், அம்மாவைப் பற்றியதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திசையன்விளை.