மின் லோடு வண்டி நின்றால் முதலில் பெரிய பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆத்தங்குடிக் கல்லும் சந்தை மூட்டையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மின்சார லோடு வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அப்படி ஓடும் வண்டி திடீரென இழுவை இழந்தால், "பேட்டரி போச்சு, லட்சம் லட்சமா ஆகும்" என்றுதான் முதலில் பேச்சு கிளம்புகிறது. அவசரப்பட்டுச் சொல்லும் பேச்சு அது. இவ்வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் ஓட்டுநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

வண்டி ஊர்கிறதா, அடியோடு நின்றுவிட்டதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் ஆமைச் சின்னம் வந்து வண்டி ஊர்ந்தால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரே தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்திருக்கிறது. கத்திரி வெயிலில் முழுப் பாரத்தோடு ஓட்டினாலோ, வேக சார்ஜ் முடிந்த கையோடு கிளம்பினாலோ இப்படி ஆகும். நிழலில் அரை மணி நேரம் நிறுத்திய பிறகு இழுவை திரும்பினால் காரணம் சூடுதான். அடிக்கடி இப்படி நடந்தால் ரேடியேட்டர் இடுக்குகளில் செம்மண் புழுதி அடைத்திருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா, பம்பும் விசிறியும் சுற்றுகின்றனவா என்று பாருங்கள்.

சூடு இல்லாமலே ஊர்ந்தால் செல்களைச் சந்தேகிக்கலாம். சின்ன வண்டிகளின் 51.2 வோல்ட் பேட்டரிக்குள் 3.2 வோல்ட் செல்கள் 16 வரிசையாக இருக்கும். பாலம் ஏறும்போது அவற்றில் ஒன்று மட்டும் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டாலும், மற்ற 15 செல்களும் நன்றாக இருந்தாலும் காவல் சர்க்யூட் மின்சாரத்தைக் குறைக்கும், அல்லது அறுத்தே விடும். இந்த 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ஜ் வெகுவாக இறங்கும்வரை அதன் வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் திரையில் காட்டும் சதவீதம் உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்துப் போடும் கணக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செருகி, பாதியிலே பிடுங்கி, அப்படியே வாரக்கணக்கில் ஓட்டினால் அந்தக் கணக்கு பிசகிவிடும். 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று 5-க்கு விழுந்து நிற்பது இதனால்தான். வாரம் ஒருமுறை மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, அதன்பின் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் செல்கள் சமமாகும், கணக்கும் நேராகும். அதற்கும் சரியாகவில்லை என்றால், பாரத்தோடு ஓட்டி ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் எடுத்துத் தரும்படி பணிமனையில் கேளுங்கள். ஒரு செல் மட்டும் தாழ்கிறதென்றால் கோளாறு அந்தச் செல்லில் இருக்கலாம், அல்லது அதை இணைக்கும் பட்டையின் நட்டு தளர்ந்திருக்கலாம். முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்பவரிடம் அந்த அளவுகளைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடியோடு நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரிய பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கும் கன்டாக்டர்களை (பெரிய மின் சுவிட்சுகளை) இழுத்துப் பிடிப்பது இந்த 12 வோல்ட்தான். அது தளர்ந்தால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் பயனில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் நலம், 12-க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. 'ரெடி' விளக்கு எரியும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12-லேயே நின்று இறங்கிக்கொண்டிருந்தால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரையோ அதன் ஃபியூஸையோ பாருங்கள். சில மூன்று சக்கர வண்டிகளில் சின்ன பேட்டரியே கிடையாது, எல்லாமே கன்வெர்ட்டர்தான். அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் கேபிள். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் சேசிஸின் வெறும் இரும்புக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் அந்தக் கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் துரு. கம்பி பிரஷால் தேய்த்து, முறுக்கி, வாசலின் தடவினால் போதும். பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன், சீரியல் விளக்கு எல்லாவற்றையும் இந்தப் பாவப்பட்ட பேட்டரியிலேயே கட்டுகிற பழக்கத்தையும் கொஞ்சம் குறைக்கலாம்.

மீட்டரே தேவைப்படாத சோதனை ஒன்று: பின்னால் ஆளை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின்னும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் ஆக்சிலரேட்டரைக் கண்டுகொள்ளாது. பழைய வீட்டுக் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த மெல்லிய வயர்களையும் தேடிப் பாருங்கள். உயர் மின்னழுத்த இணைப்பிகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே தொடராக ஓடும் பூட்டு வயர் எங்கே அறுந்தாலும் வண்டி கிளம்பாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் இறக்கிய பிறகு இன்சுலேஷன் (மின்கசிவு) எச்சரிக்கை வந்தால், ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம், அதாவது 400 வோல்ட் வண்டியில் 40,000 ஓம் தடை இருந்தாக வேண்டும். அதைப் பணிமனையில்தான் அளக்க முடியும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளில் யாரும் கை வைக்கக்கூடாது. பயிற்சி பெற்றவரும் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, குறைந்தது 10 நிமிடம் பொறுத்து, 1000 வோல்ட் கையுறை போட்டு, மீட்டரில் சுழியத்தைப் பார்த்த பிறகே தொட வேண்டும். சாவியை அணைத்தாலும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. சக்கரத்தோடு மோட்டாரும் சுற்றினால் அது மின்சாரம் உண்டாக்கி கன்ட்ரோலரைக் கெடுத்துவிடும். வேறு வண்டியின் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஓடும்போதே மின்சாரம் போனால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். பிரேக்கை லேசாக்கும் வாக்குவம் (வெற்றிட இழுப்பு) மிச்சமிருப்பது சில மிதிகளுக்குத்தான் வரும்.

எதைக் கழற்றுவதற்கு முன்னும் திரையில் தெரியும் பழுதுக் குறியீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினலைக் கழற்றினால் சில வண்டிகளில் அது அழிந்துவிடும். அந்தக் குறியீடுகளின் பொருளை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே தமிழில் ஒட்டித் தர வேண்டும் என்று விற்பனையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நடக்கும் ஊர் இது. ஊர் மெக்கானிக்குகளுக்குப் பேட்டரி பற்றி ஒரு வார இறுதி வகுப்பு அங்கே நடத்தினால் முதல் ஆளாக வந்து உட்கார நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மின் வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
காரைக்குடி.