ஜெனீவாவில் கூடும் 47 நாடுகளுக்கு: அம்மாவிடம் திரும்பவும் கேட்காதீர்கள்

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உறுப்பு நாடுகளது பிரதிநிதிகளுக்கு வணக்கம்.

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதை உங்களுக்குப் புதிதில்லை, அதை விடுவோம்.

போன கிழமை மட்டக்களப்பு டவுனில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடன் ஒரு சந்திப்பு. வந்த குழுவின் பெயர் வேண்டாம். 78 வயது அம்மா விடியவே பஸ் ஏறினார். கையில் அதே பொலித்தீன் உறை: 1990இல் கொண்டுபோகப்பட்ட அண்ணனின் படம், பழைய முறைப்பாட்டுப் பிரதி. "மகன் அன்று என்ன நிறச் சேட்டு?" என்று கேட்டார்கள். அம்மா தடுமாறி "வெள்ளை" என்றார். பிரதியில் நீலம் என்று இருக்கிறது. "இதில் எது சரி?" என்றார் மொழிபெயர்ப்பாளர். அம்மா என் முகத்தைப் பார்த்தார். திரும்பும்போது மண்முனைப் பாலத்தில் வைத்துத்தான் வாய் திறந்தார்: "எத்தின தரம் மனே சொல்லுற?"

நீலம்தான். எத்தனையோ படிவத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒருதரம் சொன்னதை வைத்து வேலை செய்யுங்கள், திரும்பக் கேட்காதீர்கள்.

சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கத்தானே 2021இல் இலங்கை பற்றி 46/1 தீர்மானம் கொண்டுவந்தீர்கள்? 2025 ஒக்டோபரில் அந்த வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிக் கொடுத்தீர்கள். அம்மாவின் ஆயுளை யார் நீட்டிக் கொடுப்பது? 2015இல் எங்கள் அரசும் சேர்ந்து கொண்டுவந்த 30/1 தீர்மானத்திலிருந்து, ஆட்சி மாறிய பிறகு 2020இல் இலங்கை விலகியது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் மக்களைக் காப்பதில் தன் அமைப்பே தவறியதை ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 2012இல் எழுதி வைத்தது. பாதுகாப்புச் சபையிலோ நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் மறுத்தால் தீர்மானமே இல்லை. நல்ல ஒத்துழைப்பு! மண்முனைப் பாலம் மட்டும் ஜப்பான் உதவியில் 2014இல் வந்துவிட்டது. வாவிக்குக் குறுக்கே பாலம் போட முடிகிறது, ஒரு மேசையிலிருக்கும் கடதாசியை அடுத்த மேசைக்குக் கொடுக்க முடியாதா?

மன்னியுங்கள், எங்கோ போய்விட்டேன். கேட்பது சின்ன விஷயம். முன்பு கொடுத்த வாக்குமூலங்களை, குடும்பங்களின் சம்மதத்தோடு, ஒரே இடத்தில் சேருங்கள். அண்ணனின் விவரம் அங்கே இருக்கிறதா இல்லையா என்று அம்மாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் போடுங்கள். புதிதாக ஏதும் தெரிய வேண்டுமென்றால் மட்டும் கேளுங்கள், சொன்னதையே திரும்பக் கேட்காதீர்கள். அடுத்த குழு வருவதற்கு முன் செய்தால் பெரிய உதவி.

அம்மா அதற்கும் போவதாகத்தான் சொல்கிறார். உறையை இன்னும் அலுமாரிக்குள் வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தம்பி,
மட்டக்களப்பு